லாரிப் பட்டைக் கத்திக்குத் தோய்ச்சல் கொடுப்பது எப்படி?

கத்தியை வெட்டி, கூர்ப்பக்கத்தைச் சாய்வாக அரைத்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பிடிக்கான ஓட்டைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். தோய்ச்சலுக்கு (சிவக்கச் சுட்டு எண்ணெயில் முக்கி இறுகவைப்பதற்கு) அப்புறம் சாதாரண டிரில் பிட் உள்ளே இறங்காது. விளிம்பு 1 மி.மீ. கனமாவது இருக்கட்டும், அதைவிட மெலிந்தால் எண்ணெயில் இறங்கியதும் நெளியும், சமயத்தில் கீறலும் விடும்.

இரும்புக்கு என் தேர்வு லாரி ஸ்பிரிங் பட்டை. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். இதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். ஜன்னல் கம்பியை எவ்வளவு சுட்டாலும் இறுகாது, அதில் அந்தளவு கார்பன் கிடையாது. ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம் என்பதால், நடு ஓட்டையை ஒட்டிய பகுதியை நான் எடுப்பதில்லை.

உலைக்குக் கொட்டாங்குச்சிக் கரியும் ஒரு சின்ன புளோயரும் போதும். கையில் பிடிக்கும் கேஸ் டார்ச்சை மட்டும் நம்பாதீர்கள். நுனி வெளுக்கும்போது அடிப்பக்கம் கருப்பாகவே இருக்கும்.

முதலில் கத்தியை நன்றாகச் சிவக்கச் சுட்டு, எண்ணெயில் விடாமல், காற்றில் கருக்கும் வரை ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. அடித்ததிலும் அரைத்ததிலும் ஏறிய இறுக்கம் தளரும், பின்னால் கோணுவது குறையும்.

இனிதான் என்னை ரொம்ப அலைக்கழித்த இடம்: போதுமான சூடு வந்துவிட்டதா? 'காந்தம் ஒட்டாவிட்டால் தோய்க்கலாம்' என்று எல்லோரும் சொல்வார்கள். காந்தம் விடுவது 770 டிகிரி செல்சியஸ் வாக்கில். ஸ்பிரிங் பட்டைக்கோ சுமார் 840 முதல் 860 வரை வேண்டும். காந்தம் விட்டவுடன் தோய்த்தால் பாதி இறுகி நிற்கும். அதனால் நான் உப்பை நம்புகிறேன். சமையல் உப்பு உருகுவது 801 டிகிரியில். காய்ந்த தூள் உப்பைக் கத்தியின் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள் (கல்லுப்பு வேண்டாம், வெடித்துத் தெறிக்கும்). அது உருகிப் பளபளவென்று பரவிய பின், நிறம் இன்னும் ஒரு படி ஏறும் வரை பொறுங்கள். நிழலில், பொழுது சாயும் நேரத்தில் செய்வது நல்லது. வெயிலில் எல்லா நிறமும் மங்கலாகத்தான் தெரியும். அதற்காக மஞ்சளடிக்கும் வரை சுட்டுவிடாதீர்கள். இரும்பின் மணி (உள்ளே இருக்கும் நுண்துகள்) பெருத்துவிடும், உடைத்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரை போல் மினுங்கும். அந்தக் கத்தி கீழே விழுந்தாலே உடையும்.

தோய்க்கக் கடலை எண்ணெய், இரும்பு வாளியில், குறைந்தது 4 லிட்டர். பழைய எஞ்சின் ஆயிலின் புகை நல்லதில்லை. எண்ணெய் 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக இருந்தால் இளகி, சூட்டை வேகமாக இழுக்கும். கத்தியை நுனி கீழாக நேரே இறக்கி, முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். மேலே தீப்பிடிக்கும், பதறாமல் இரும்பு மூடியால் மூடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

ஆறியதும் அரத்தால் உரசிப் பாருங்கள். வழுக்கினால் இறுகிவிட்டது. ஆனால் இப்போது அது கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலை. அது குறைய, அன்றைக்கே ஓடிஜியில் (கேக் சுடும் சின்ன மின் அடுப்பில்) 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம். முன்பே தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். நீலம் வந்தால் சமையல் கத்திக்கு அது அதிகம். ஓடிஜியின் திருகு காட்டும் அளவை நம்பாமல் தனியாக ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

பின்சேர்க்கை: 'அரம் வழுக்காமல் கடிக்கிறதே' என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சுடும்போது மேல்தோலில் கார்பன் எரிந்து போயிருக்கும். அதே இடத்தில் இன்னும் நாலு இழுப்பு இழுங்கள், உள்ளே வழுக்கினால் சரி. அப்போதும் கடித்தால் சூடு போதவில்லை, மறுபடி உலைக்கு.

கோணிய கத்தியைப் பற்றியும் கேள்வி வந்தது. ஆறிய பின் கையால் வளைத்தால் உடையும். ஓடிஜியில் வைக்கும்போது தடித்த இரும்புப் பட்டையோடு சேர்த்து சி கிளாம்ப் போட்டு, கோணலுக்கு எதிர்த்திசையில் வளையும்படி நடுவில் ஒரு நாணயம் கொடுத்து இறுக்குங்கள். முதல் சுற்றிலேயே பெரும்பாலும் நேராகிவிடும்.