கால்வாய் நடுவுல இன்ஜின் சூடாயிடுச்சு, நான் சரி பண்ணது இப்படித்தான்

எங்க சின்ன டீசல் போட்ல ஒரு நாள் முழுக்க கால்வாய்லயே சுத்தலாம்னு கிளம்பினோம், ரெண்டு மணி நேரம் அருமையா போச்சு, அப்புறம் பாத்தா டெம்பரேச்சர் முள்ளு வழக்கமா நிக்கிற 80 டிகிரிய தாண்டி ஏறிட்டே இருக்கு. திரும்பி எக்ஸாஸ்ட்ட பாத்தேன், இன்ஜின குளிர வச்ச தண்ணி அது வழியாத்தான் வெளிய வரணும், ஆனா தண்ணியே துப்பல, வெறும் ஆவிதான். உடனே இன்ஜின ஆஃப் பண்ணி, இருந்த வேகத்துலயே கரை ஒதுங்கி கயிறு கட்டிட்டோம்.

முதல்ல பாக்க வேண்டியது ஃபில்டர், ஏன்னா வெளித்தண்ணிய இழுத்துத்தான் இன்ஜின் சூட்ட குறைக்குது, பாசியும் கூடவே வந்துடும். ஆனா திறக்கறதுக்கு முன்னாடி அடியில தண்ணி உள்ள வர்ற வால்வ மூடிடுங்க, இல்லேன்னா போட்டுக்குள்ள தண்ணி ஏறிடும், இத தயவுசெஞ்சு மறக்காதீங்க. ஒரு கை நிறைய பாசி வந்துச்சு, கழுவி மாட்டினேன், அப்பவும் எக்ஸாஸ்ட்ல தண்ணி வரல.

சரின்னு வால்வ மூடிட்டு அந்தத் தண்ணிய இழுக்குற பம்போட மூடிய கழட்டினா, உள்ள சுத்தி தண்ணிய தள்ளுற ரப்பர் சக்கரத்துல, அதாவது இம்பெல்லர்ல, ரெண்டு இதழ் வேரோட பிஞ்சிருக்கு. தண்ணியில்லாம காஞ்சு ஓடினா ரப்பர் அவ்ளோதான். நல்லவேளை புதுசு ஒன்னு கைவசம் இருந்துச்சு, பாத்திரம் கழுவுற சோப்ப தடவி, தண்டு சுத்துற திசைக்கு எதிர்ப்பக்கம் இதழ் சாயுற மாதிரி மெதுவா உள்ள தள்ளினேன். பிஞ்ச துண்டுகளையும் தேடி எடுத்தே ஆகணும், ஒன்னு பம்புலயே கெடந்துச்சு, இன்னொன்னு இன்ஜின் சூட்ட இந்தத் தண்ணிக்கு மாத்தி விடுற ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாயில ஒட்டிட்டு இருந்துச்சு, அத விட்டிருந்தா மறுபடியும் அடைச்சிருக்கும்.

வால்வ திறந்து ஸ்டார்ட் பண்ணதும் எக்ஸாஸ்ட்ல சளக் சளக்னு தண்ணி துப்புச்சு பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.