கருப்பனின் செக்ரோல்: மூட்டுவலி நாய்க்கு வலி மருந்து கொடுக்கும் முறை

கேரளத்து இடுக்கியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். எத்தனை ஆள் காய் எடுத்தது, எத்தனை கிலோ பச்சைக்காய் ஸ்டோருக்கு வந்தது, காய்ந்தபின் எத்தனை நின்றது என்று செக்ரோலில் எழுதி எழுதியே காலம் போனது. வேலையை விட்டு வரும்போது கையோடு வந்தவை இரண்டு. ஒன்று எழுதாத பழைய செக்ரோல் நோட்டு. இன்னொன்று, ஊரைக் காலி செய்து போன மேனேஜர் விட்டுச் சென்ற கருப்பு லேப்ரடார். பெயர் கருப்பன். இப்போது அந்த நோட்டில் அவன் கணக்குதான் ஓடுகிறது.

அவனுக்கு ஒன்பது வயதில் இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்தது. மூவாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். கார்த்திகை, மார்கழியில் பனி இறங்கினால் மனுசனுக்கே காலை நீட்ட மடக்க முடியாது. நாய் வலியென்று கத்தாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருப்பன் ஒரு நாளும் ஊளையிடவில்லை. எழுந்திருக்கும்போது முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு எழுந்தான். படியேறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதித்தான். ஜீப் வந்தால் பின்பக்கம் தாவி ஏறுகிறவன், டயருக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்தால் ஒரு காலை ஓரமாகத் தள்ளி வைத்தான். வயசாகிவிட்டது என்று நானும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு பெரியது. என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி உண்டு. டைக்ளோஃபினாக் 50 மி.கி. மாத்திரை டப்பாவில் எப்போதும் இருக்கும். "ஏங்க, பாதி உடைச்சுக் கொடுத்துப் பாருங்களேன்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கொடுத்தது நான். இரண்டு ராத்திரி பாதிப் பாதியாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. கறுப்பு மலம் என்றால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு வளைவுகளில் அவனை மடியில் தாங்கிக்கொண்டு, கம்பத்தில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

அவர் திட்டவில்லை. "ஐயா, மாட்டுக்கே போடக்கூடாதுன்னு 2006-லேயே நிறுத்திட்ட மருந்து இது" என்றார். உண்மைதான். டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக அழிந்ததால், கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாகக் கழுகுக்குக் கேடில்லாத மருந்தென்று கண்டது மெலாக்சிகாம். கடைசியில் கருப்பனுக்கும் அதுதான் கிடைத்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் வட்டமடிக்கிற கழுகுகளுக்கும் என் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிற நாய்க்கும் இப்படி ஓர் உறவு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மனுசன் மருந்து ஏன் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். மூட்டு வீங்கி வலிக்கும்போது உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கிறது. டைக்ளோஃபினாக் போன்ற இந்த வகை வலி மருந்துகள் அந்தச் சுரப்பை மறிக்கின்றன. வலி குறைகிறது. ஆனால் அதே பொருள்தான் வயிற்றின் உள்தோலை அமிலம் அரிக்காமல் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போகவும் உதவுகிறது. வாய்க்கால் மடையை மொத்தமாக அடைத்தால் கீழ்க்காடும் காய்ந்துபோகும் இல்லையா, அந்தக் கதை. நாய்களுக்கென்று உள்ள மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்றவை வீக்கத்துப் பக்கத்தை அதிகமாகவும் வயிற்றுப் பக்கத்தைக் குறைவாகவும் மறிக்கின்றன. இப்யூப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாயின் உடம்பில் வேறு மாதிரி தங்கி, கொஞ்சத்திலேயே புண்ணாக்கிவிடும். பாராசிட்டமால் அந்த வகை இல்லை என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். அதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

சரி, அதே மெலாக்சிகாம் மனுசனுக்கும் வருகிறதே, அதை உடைத்துக் கொடுத்தால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். மனுசன் மாத்திரை 7.5 மி.கி. அல்லது 15 மி.கி. நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., மறுநாளிலிருந்து கிலோவுக்கு 0.1 மி.கி., நாளைக்கு ஒரே வேளை. பத்துக் கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு 1 மி.கி. போதும். சின்ன மாத்திரையே ஏழரை நாள் மருந்து! அதை எந்தக் கத்தியால் ஏழரைத் துண்டாக வெட்டுவீர்கள்? மனுசனுக்கான சில திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருப்பார்கள். அது நாய்க்குத் தனி விஷம்.

எடைதான் இதில் எல்லாம். டாக்டரம்மா கேட்டபோது "நாற்பது கிலோ இருப்பான்" என்று அடித்துச் சொன்னேன். நம்பாமல் மேசைத் தராசில் ஏற்றினார். 33. கண்ணளவை நம்பியிருந்தால் ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போயிருக்கும். காயை நூறு கிராம் விடாமல் எடை போட்டவன், வீட்டு நாயில் ஏழு கிலோ பிசகிவிட்டேன்! இப்போது மாதம் ஒரு முறை தெரிந்த ஸ்டோருக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கிற தட்டுத் தராசில் நிற்க வைக்கிறேன். அங்கிருக்கிற பையன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சின்ன நாயென்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, அப்புறம் தனியாக ஏறி, கழித்துக்கொள்ளலாம்.

மருந்து தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஈரல், சிறுநீரகம் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் தொடங்கினால், பிறகு கெட்டது மருந்தாலா, முன்பே கெட்டிருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தோட்டத்தில் சொல்வோமே, ஆரம்ப இருப்பு எழுதாத கணக்கு கணக்கே இல்லை. கருப்பனுக்கு வயிறு ஆறி, மலம் பழைய நிறத்துக்கு வந்து, பரிசோதனையும் ஒழுங்காக வரும்வரை மூன்று வாரம் எந்த வலி மருந்தும் தரவில்லை. இடுப்பை எக்ஸ்ரே எடுத்து மூட்டுத் தேய்மானம்தான் என்று உறுதி செய்தார்கள். சிக்கலான நோய்க்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் தேனிக்கு அருகே வீரபாண்டியில் இருக்கிற அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். நொண்டுகிற நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் இல்லை. உண்ணிக் காய்ச்சலிலும் நாய் காலை இழுக்கும், எலும்பில் கட்டி வந்தாலும் நொண்டும்.

எழுதிக் கொடுத்தது ஒரு மி.லி.யில் 1.5 மி.கி. உள்ள திரவம். 33 கிலோவுக்கு முதல் நாள் 4.4 மி.லி., மறுநாள் முதல் 2.2 மி.லி. இது கருப்பன் கணக்கு. உங்கள் நாய்க்கு உங்கள் டாக்டர் போடுவதுதான் கணக்கு. ஒரு மி.லி.யில் 0.5 மி.கி. உள்ள திரவமும் உண்டு. பாட்டில் மாறினால் மி.லி. மாறும், ஆகையால் கடையில் வாங்கும்போது சீட்டில் எழுதிய வலுவும் பாட்டிலில் அச்சடித்த வலுவும் ஒன்றா என்று நின்று பாருங்கள். கூட வருகிற சிரிஞ்சை இன்னும் கவனமாகப் பாருங்கள். சிலவற்றில் கோடுகள் மி.லி.யைக் குறிக்காது, நாயின் கிலோவைக் குறிக்கும். ஒன்றை மற்றதாக எண்ணி இழுத்தால் வந்தது வினை. பாட்டிலைக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கும். மாத்திரையாகக் கார்ப்ரோஃபென் கொடுத்தால் பொதுவாக நாளைக்குக் கிலோவுக்கு 4.4 மி.கி., ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ. அந்த மாத்திரைகளில் சில இறைச்சி வாசனையோடு வருகின்றன. நாய்க்கு அது மிட்டாய். டப்பாவைக் கடித்துத் திறந்து மொத்தத்தையும் தின்றுவிடும், எனவே பீரோவுக்குள் வையுங்கள்.

எப்போதும் சாப்பாட்டோடு கொடுங்கள். நான் ராத்திரிச் சோற்றில் முதல் உருண்டையில் ஊற்றிக் கொடுக்கிறேன். அதை விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் மீதி. சாப்பிடாத நாளில் மருந்தும் இல்லை. வாந்தி, பேதி உள்ள நாளிலும் இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது இந்த மருந்து சிறுநீரகத்தைப் பிடிக்கும். குடிதண்ணீர்ப் பாத்திரம் எந்நேரமும் நிறைந்திருக்கட்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுத்து ஈடுகட்டக் கூடாது.

இந்த வகையில் இரண்டு மருந்து ஒன்றாகக் கூடவே கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் நடுவே சில நாள் இடைவெளி விடச் சொல்வார்கள், பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள். பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளோடு சேர்ந்தால் வயிறு ஓட்டையாகும் அளவுக்குப் போகும். தோல் அரிப்புக்கென்று வேறிடத்தில் ஊசி போட்டிருந்தால் அதன் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். நாங்கள் எல்லையில் இருக்கிறவர்கள். அரிப்புக்குக் கட்டப்பனையில் காட்டுவோம், காலுக்குக் கம்பத்தில் காட்டுவோம். அந்த டாக்டர் எழுதியது இந்த டாக்டருக்குத் தெரியாது. சீட்டுகளை ஒரே உறையில் போட்டு இரண்டு பக்கமும் காட்டுவது நம் பொறுப்பு. இருதய மருந்து, வலிப்பு மருந்து ஓடுகிற நாயென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சேச்சி நல்ல மனசுக்காரர். குழம்பு (மலையாள வைத்தியத்தில் தேய்க்கிற எண்ணெய்), தைலம் எல்லாம் கொண்டுவந்து இடுப்பில் தேய்க்கச் சொன்னார். நாய் தேய்த்த இடத்தை நக்கும் என்பதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. வலித் தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் சொந்தக்காரன். தோலில் போட்டது வயிற்றுக்குள் போய்விடும். சூடான மணல் ஒத்தடம் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார், என் கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.

இனி நோட்டு. நாளுக்கு ஒரு வரி: மருந்து அளவு, சாப்பிட்டானா, மலத்தின் நிறம், எழுந்திருக்க எத்தனை முறை முயன்றான், வாசல் ஐந்து படியில் எத்தனை ஏறினான். முதல் வாரம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் "5" என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. இரண்டு மூன்று வாரம் கொடுத்தும் மாற்றமில்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள், டாக்டரிடம் போங்கள். வேறு மருந்துக்கு மாற்றலாம், காபாபென்டின் போல வேறு வகை மருந்தைத் துணைக்குச் சேர்க்கலாம். அது அவர் முடிவு.

சோறு வேண்டாமென்பது, வாந்தி, பேதி, கறுப்பு மலம், கண் வெள்ளையோ ஈறோ மஞ்சளாவது, திடீரென்று அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் போவது, சுருண்டே கிடப்பது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைய மருந்தை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். நாளை பார்க்கலாம் என்பது வேண்டாம். கார்ப்ரோஃபென் வந்த புதிதில் ஈரல் கெட்டதாகப் பதிவான நாய்களில் லேப்ரடார்கள் நிறைய இருந்தன. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் சில வாரத்துக்குள் வரும். அதனால்தான் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. அளவுக்கு மேல் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

மருந்தைக் குறைக்க வழி எடையைக் குறைப்பது. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை பார்த்தார்கள். பாதிக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி. அந்தப் பாதி ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தது, மூட்டுத் தேய்மானமும் தள்ளித்தான் வந்தது. இதை நான் சொன்னபோது என் வீட்டுக்காரி என் வயிற்றைப் பார்த்தாள். கருப்பனுக்குப் புரோட்டாத் துண்டும் பிஸ்கட்டும் நின்றன. வழுக்குகிற சிவப்பு சிமெண்ட் தரையில் சணல் சாக்கு விரித்தேன். ஜீப்பில் ஏற ஸ்டோரில் கிடந்த பலகையொன்றில் சாக்கை ஆணியடித்துச் சரிவு செய்தேன். எஸ்டேட் மேட்டை விட்டுவிட்டு, சமமான ரோட்டில் காலை மாலை இருபது நிமிடம் நடை. ஒரேயடியாக ஓடவிட்டுப் பிறகு மூன்று நாள் படுக்க விடுவதைவிட இது மேல்.

எட்டு மாதத்தில் 29 கிலோ. டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்து 1.9 மி.லி. என்று எழுதி, இரண்டு வாரம் கழித்து 1.5 ஆக்கினார். வலியை அடக்கி வைக்கிற மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிக்கொண்டே வர வேண்டுமாம். 1.2-க்கு இறக்கியபோது ஐந்தாம் நாள் படி "3" ஆனது. மறுபடி 1.5. இப்போது அங்கேதான் நிற்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாதம், தேதியை நோட்டின் அட்டையில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.