போனைத் திருப்பினால் ஃபிராக்மென்ட் இரண்டாகிறதா? இருப்பதையே தேடி எடுப்பது எப்படி

வீட்டுப் பால் கணக்குக்காக ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் எழுதினேன். அதன் பட்டியல் ஒரு ஃபிராக்மென்ட், அதாவது திரைக்குள் பொருத்தும் ஒரு தனித் துண்டு. போனைப் படுக்கைவாக்கில் திருப்பியதும் பட்டியலின் எழுத்துகள் தடித்துவிட்டன. உருட்டிப் பார்த்தால் ஒரு பட்டியல் நகர்கிறது, அடியில் இன்னொன்று அசையாமல் நிற்கிறது. மறுபடி திருப்பினேன், மூன்றாகிவிட்டது.

திரை திரும்பும்போது ஆண்ட்ராய்டு பழைய ஆக்டிவிட்டியை (ஆப்பின் ஒரு திரையை) அழித்துப் புதிதாக உருவாக்குகிறது. ஆனால் ஃபிராக்மென்ட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபிராக்மென்ட் மேனேஜர் தன்னிடம் இருந்தவற்றைக் குறித்து வைத்திருக்கும். ஆக்டிவிட்டி உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட் ஃபங்ஷனில் 'சூப்பர்.ஆன்கிரியேட்' வரி ஓடும்போதே அவற்றைத் தானாகத் திரும்ப எழுப்பிவிடும். அது தெரியாமல் அடுத்த வரியில் நாமும் ஒன்றைச் சேர்க்கிறோம்.

(கோட்டில் வரும் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள்.)

படி 1: சேர்க்கும்போதே பெயர் வையுங்கள். 'ஆட்' என்ற ஃபங்ஷனுக்குக் கன்டெய்னரின் (ஃபிராக்மென்ட் உட்காரும் இடத்தின்) ஐடி, ஃபிராக்மென்ட் இரண்டோடு மூன்றாவதாக ஒரு டேக் (அடையாளப் பெயர்) கொடுக்கலாம். நான் 'பால்_பட்டியல்' என்று வைத்தேன். அதைக் கான்ஸ்டன்டாக ஓரிடத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு இடத்தில் கையால் அடித்தால் என்றாவது ஓரெழுத்து பிசகும், கம்பைலர் அதைக் காட்டிக்கொடுக்காது.

படி 2: ஆன்கிரியேட்டில் 'சேவ்டு இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்' 'நல்' (மதிப்பே இல்லாத வெறுமை) என்று இருந்தால் மட்டும் ஃபிராக்மென்ட்டைச் சேருங்கள். இங்கே நல் என்றால் மீட்டெடுக்கப் பழைய நிலை எதுவும் இல்லை என்று பொருள். இந்த ஒரு 'இஃப்' போட்டதும் என் இரட்டைப் பட்டியல் ஒழிந்தது.

படி 3: வேண்டும்போது 'ஃபைண்ட் ஃபிராக்மென்ட் பை டேக்' என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல் வரும், அதனால் கோட்லின் மொழியில் வகை மாற்றும்போது 'ஆஸ்' போடாமல் கேள்விக்குறியோடு 'ஆஸ்?' போடுங்கள். ஆக்டிவிட்டியின் வேரியபிளில் 'பட்டியல் ஃபிராக்மென்ட்()' என்று புதிதாக ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டால், திருப்பிய பிறகு அது திரையில் இல்லாத வேறொன்று. அதில் எத்தனை லிட்டர் சேர்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

'ஃபைண்ட் ஃபிராக்மென்ட் பை ஐடி'யும் உண்டு. அதற்குக் கன்டெய்னரின் ஐடியைக் கொடுத்தால், அதில் கடைசியாகச் சேர்ந்தது வரும். இப்போது திரையில் இருப்பது எதுவானாலும் சரி என்றால் ஐடி, குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டும் என்றால் டேக்.

படி 4: சேர்க்கும் வேலையை ஒப்படைக்கும் 'கமிட்'டை அழைத்த அடுத்த வரியிலேயே தேடாதீர்கள். கமிட் வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும், ஃபிராக்மென்ட் இன்னும் சேர்ந்திருக்காது. உடனே வேண்டுமென்றால் 'கமிட் நவ்'. 'ஆட் டு பேக் ஸ்டாக்' (பேக் பட்டனில் மாற்றத்தைத் திரும்பப் பெற வைக்கும் வரி) இருக்கும் டிரான்ஸாக்‌ஷனில் கமிட் நவ் எக்ஸெப்ஷன் வீசும். அங்கே கமிட் செய்துவிட்டு 'எக்ஸிக்யூட் பெண்டிங் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' அழையுங்கள்.

படி 5: சரியான மேனேஜரிடம் கேட்கிறீர்களா? டேக் சரி, நேரம் சரி, ஆனாலும் நல் வருகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு ஃபிராக்மென்ட்டுக்குள் இன்னொன்றை வைத்திருந்தால் உள்ளே இருப்பது அதன் 'சைல்டு ஃபிராக்மென்ட் மேனேஜர்' வசம். ஆக்டிவிட்டியின் 'சப்போர்ட் ஃபிராக்மென்ட் மேனேஜர்' அதைத் தேடித் தராது. எதில் சேர்த்தீர்களோ அதில்தான் தேட வேண்டும். பக்கம் விட்டுப் பக்கம் போக உதவும் நேவிகேஷன் காம்போனென்ட்டிலும் இதே கதை: ஆக்டிவிட்டிக்குத் தெரிவது 'நேவ் ஹோஸ்ட் ஃபிராக்மென்ட்' மட்டும், திரையில் தெரியும் பக்கம் அதன் சைல்டு மேனேஜரில் இருக்கும்.

பக்கங்களை விரலால் தள்ளிப் பார்க்க வைக்கும் வியூ பேஜர் 2 உள்ளுக்குள் வைக்கும் 'எஃப்0', 'எஃப்1' டேக்குகளை ஊகித்துத் தேடச் சொல்லும் குறுக்குவழி ஒன்று உலவுகிறது. வேலை செய்யும்தான், ஆனால் அடுத்தவர் வைத்த பெயரை நம்பி நான் கோட் எழுத மாட்டேன். பக்கங்களுக்கு இடையே தகவல் போய்வரப் பொதுவான வியூ மாடலே (திரை திரும்பினாலும் தகவலை வைத்திருக்கும் பொருள்) போதும்.

சோதிக்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதை ஆன் செய்து, ஹோமுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். நான் மறந்துபோய், போனில் எந்த ஆப்பைத் திறந்தாலும் ஏன் விட்ட இடத்தில் நிற்பதில்லை என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.