மருந்தடிக்கப் போறவங்களுக்கு: மூக்கை மட்டும் மூடினா பத்தாது

பெரம்பலூர் பக்கம் பருத்திக்கு 22 வருசம் மருந்தடிச்சவன் நான். டேங்க் கணக்குல கூலி. அதனால ஓட்டமும் நடையுமா ஒரு நாளைக்கு 20 டேங்க்கூட எறக்கியிருக்கேன். துண்டால மூக்கைக் கட்டிட்டா போதும்னு நெனச்சேன். இப்ப டீ கிளாஸை ரெண்டு கையாலதான் பிடிக்கிறேன்.

தெளிக்கிறப்ப வெசம் மூக்கு வழியா போறதைவிடத் தோல் வழியாத்தான் அதிகம் போகுது. அதுலயும் தொடை இடுக்குத் தோல், முன்னங்கையைவிடப் பல மடங்கு உறிஞ்சும். டேங்க் மூடி கசிஞ்சு, முதுகு வழியா எறங்கி டவுசர் வரைக்கும் நனையும் பாருங்க, வினையே அங்கதான். மொதல்ல மூடியோட வாஷரைப் பாருங்க. முதுகுல இருந்து தொடை வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்குங்க. வெயில்ல வேகும், தெரியும். கட்டுங்க.

கலக்கும்போதுதான் மருந்து கெட்டியா இருக்கும். கையுறை போட்டு, குச்சியால கலக்குங்க. நான் முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கினவன்.

காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தக் கடைசி வரப்புல ஆரம்பிங்க. காத்துக்குக் குறுக்கால நடந்து, ஒவ்வொரு சாலா காத்து வர்ற பக்கம் நகருங்க. அடிச்ச செடிக்குள்ள திரும்ப நுழைய வேண்டியிருக்காது. செடி ஆள் ஒசரம் வளர்ந்துட்டா வேலைக்கு வரலைன்னு சொல்லிடுங்க. 2017-ல மகாராஷ்டிரா யவத்மால்ல அப்படி வளர்ந்த பருத்திக்கு அடிச்சு எத்தனையோ பேர் செத்தாங்க. அதே வருசம் எங்க பக்கமும் சாவு விழுந்துச்சு.

நாசில் அடைச்சா வாயால ஊதாதீங்க, ஈர்க்குச்சி போதும். பீடி, வெத்தலை எல்லாம் சோப்புப் போட்டுக் குளிச்ச பெறகுதான். சட்டையைத் தனியாத் தொவைக்கணும். என் சம்சாரம் வீட்டுத் துணியோட சேர்த்துத் தொவைச்சு, கையெல்லாம் அரிப்பு வந்து கெடந்தா.

மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ் மாதிரி மருந்துங்க நரம்புல கோலினெஸ்டிரேஸ்ங்கிற ஒரு நொதியை முடக்கிடும். எச்சில் ஊறும், வேர்த்துக் கொட்டும், கண்ணு மங்கும், சதை துடிக்கும். உடனே துணியைக் கழட்டி, ஒடம்பை சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்க. டப்பாவையும் கூடவே கொண்டுபோங்க. பால் குடிச்சா முறியும்கிறது பொய்.

மெதுவாத் தாக்கினா இப்படித் தெரியாது. தலைவலி, தூக்கமின்மை, மறதி, கைகால் மரத்துப் போறது எல்லாத்தையும் வயசாச்சுன்னு விட்டுடுவோம். அதனால சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே, மருந்தைத் தொடாம ஒரு மாசமாவது இருந்து, கோலினெஸ்டிரேஸ் ரத்தப் பரிசோதனை பண்ணி, சீட்டைப் பத்திரமா வைங்க. அந்த நொதியோட அளவு ஆளுக்கு ஆள் மாறும். நான் வயல்ல மயங்கி விழுந்தப்ப ரிப்போர்ட் நார்மல்னுதான் வந்துச்சு. "பழைய அளவு எவ்வளவு?"ன்னு டாக்டர் கேட்டார். எங்கிட்ட சீட்டு இல்ல.