அனலாக் ரேடியோவையும் டிஎம்ஆரையும் இணையம் வழியாக இணைப்பது எப்படி?

எஃப்எம் (அனலாக்) கையடக்க ரேடியோ வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பரும் டிஎம்ஆர் (டிஜிட்டல்) ரேடியோ வைத்திருப்பவரும் ஒரே அலைவரிசையில் இருந்தாலும் பேசிக்கொள்ள முடியாது. டிஎம்ஆரில் குரல் ஏஎம்பிஇ என்ற முறையில் சுருக்கப்பட்டு எண்களாகப் போகிறது. எஃப்எம் ரேடியோவுக்கு அது வெறும் இரைச்சல். இடையில் நின்று மாற்றித் தர ராஸ்ப்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று போதும். அனலாக் ரேடியோக்களை இணையம் வழியாக இணைக்கும் ஆல்ஸ்டார்லிங்க் வலையமைப்பின் நோடு (இணைப்பு முனை) ஒன்றை டிவிஸ்விட்ச் மென்பொருள் கொண்டு பிராண்ட்மைஸ்டர் என்ற டிஎம்ஆர் வலையமைப்போடு இங்கே இணைப்போம்.

அழைப்புக்குறி, ஆல்ஸ்டார்லிங்க் நோடு எண், 7 இலக்க டிஎம்ஆர் எண் மூன்றும் கையில் இருக்கட்டும். இணைய இணைப்பை உங்கள் உரிம விதி அனுமதிக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

படி 1: ஆல்ஸ்டார் நோடை நிறுவி, உங்கள் ரேடியோவில் *3, தொடர்ந்து நோடு எண்ணை அழுத்தி வேறொரு நோடோடு பேசிப் பாருங்கள். இது சரியாக வேலை செய்யும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு 1999 என்ற எண்ணில் தனி நோடு ஒன்றை உருவாக்கி, அதன் ஒலிவழியாக யுஎஸ்ஆர்பி-யை (குரலை போர்ட் வழியாக வேறு மென்பொருளுக்கு அனுப்பும் முறை) தேர்ந்தெடுங்கள். டூப்ளெக்ஸ் மதிப்பு 0 ஆக இருக்கட்டும். இல்லையென்றால் நோடின் பீப் ஒலிகளும் டிஎம்ஆர் பக்கம் போய்விடும்.

படி 2: டிவிஸ்விட்சில் பிராண்ட்மைஸ்டரோடு பேசும் பகுதி எம்எம்டிவிஎம் பிரிட்ஜ். அதன் அமைப்புக் கோப்பில் அழைப்புக்குறி, டிஎம்ஆர் எண், சர்வர் முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றை நிரப்புங்கள். பிராண்ட்மைஸ்டரின் போர்ட் 62031.

படி 3: ஆல்ஸ்டாருக்கும் எம்எம்டிவிஎம் பிரிட்ஜுக்கும் நடுவில் குரலை மாற்றித் தரும் அனலாக் பிரிட்ஜ். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒருவர் அனுப்பும் போர்ட்டில்தான் மற்றவர் கேட்க வேண்டும். ஆல்ஸ்டார் 34001-க்கு அனுப்பி 32001-இல் கேட்டால், அனலாக் பிரிட்ஜ் 32001-க்கு அனுப்பி 34001-இல் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் எழுதிவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, குரலும் வராது. தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டு தட்டச்சு செய்யுங்கள். ஏஎம்பிஇ மாற்றத்தை மென்பொருளே செய்யும்; ஏஎம்பிஇ சில்லு கொண்ட யுஎஸ்பி கருவி இருந்தால் குரல் இன்னும் தெளிவாக இருக்கும்.

படி 4: 1999-ஐ உங்கள் நோடோடு இணைத்து, 9990 என்ற எண்ணுக்குத் தனி அழைப்பு விடுங்கள். நீங்கள் பேசியதை அது திருப்பிச் சொல்லும். குரல் கரகரத்தால் அனலாக் பிரிட்ஜில் ஒலி அளவைக் குறையுங்கள். மிகையான ஒலியை ஏஎம்பிஇ மன்னிக்காது. எஃப்எம்மில் சற்றுக் கடுமையாக மட்டும் கேட்கும் குரல் டிஎம்ஆரில் சொல்லே புரியாமல் சிதைந்துவிடும். இதற்கு ஒரு மாலை முழுவதும் செலவானாலும் தகும்.

படி 5: ஆளில்லாத டாக்குரூப் (டிஎம்ஆரில் பலர் சேர்ந்து பேசும் குழு எண்) ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திறந்துவிடுங்கள். பிறர் நடத்தும் டாக்குரூப் என்றால் அனுமதி கேளுங்கள். உங்கள் நோடு இணைந்திருக்கும் வேறொரு நோடும் அதே டாக்குரூப்போடு இணைந்திருந்தால், ஒரே குரல் சுற்றிச் சுற்றி வந்து இரு வலையமைப்புகளையும் முடக்கிவிடும். அப்படி நேர்ந்தால் யோசிக்காமல் *1, தொடர்ந்து 1999 அழுத்தி அதைத் துண்டியுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

பேசும்போது பிடிடி-யை (பேசும் பொத்தான்) அழுத்தி ஒரு நொடி கழித்துத் தொடங்குங்கள். இத்தனை கட்டங்களைத் தாண்டி வழி திறக்கச் சற்று நேரமாகும். அவசரப்பட்டால் முதலில் வெட்டுப்படுவது உங்கள் அழைப்புக்குறிதான்.