கொல்லிமலையில் சைக்கிளில் இறங்கும்போது

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கவனம் வேண்டியது இறங்கும்போது.

வழிநெடுக பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது) என்றால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கக்கூடும். டிஸ்க் பிரேக் (சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிப்பது) என்றாலும் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பிறகு பிரேக்கை விட்டுவிட்டுத் திரும்புங்கள். திரும்பும்போது வளைவின் வெளிப்பக்க பெடல் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் உள்பக்க பெடல் ரோட்டில் இடிக்கும். கண் முன்சக்கரத்தில் வேண்டாம், வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும்.

எதிரே பஸ் வந்தால் திரும்ப முழு ரோடும் அதற்கு வேண்டும். ஹாரன் கேட்டதும் இடது ஓரமாக நின்றுவிடுங்கள், கௌரவம் பார்க்காமல்.

ஏற்றத்துக்கும் ஒன்று: வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. அங்கே போய் கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். பத்தடி முன்பே மாற்றிவிடுங்கள். அப்புறம், தண்ணீரை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்; கடைகளை நம்பினால் மேலே ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.