குதிரை நொண்டினால் முதல் நாளில் செய்யும் தவறுகள்

"கொஞ்சம் நடக்க விடுங்க, சரியாயிடும்." குதிரை நொண்டினால் பக்கத்தில் நிற்பவர் யாராவது இதைச் சொல்லிவிடுவார். தயவுசெய்து கேட்காதீர்கள். உடம்பு சூடானதும் நொண்டல் குறைந்த மாதிரி இருக்கும். ராத்திரி லாயத்தில் போய்ப் பார்த்தால் அதே காலை ஊன்றாமல் நிற்கும்.

அடுத்து, எந்தக் கால் என்பதிலேயே ஏமாறுகிறோம். தலை கீழே இறங்கும்போது ஊன்றுகிற கால்தான் வலிக்கிறது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது இறக்கும். கெட்டியான சமதரையில் ஒருவரை மெதுவோட்டமாகக் கூட்டிவரச் சொல்லி எதிரே நின்று பாருங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் தலையசைவே தெரியாது.

தோள் பிசகிவிட்டது என்று எண்ணெய் தேய்ப்பவர்கள் நிறைய. ஆனால் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது, அங்கே வரும் நொண்டலுக்குப் பெரும்பாலும் காரணம் குளம்பு. முதலில் அதைத் தூக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு குளம்பையும் தொட்டு, எது அதிகம் சுடுகிறது என்று பாருங்கள். நேற்று நன்றாக ஓடிய குதிரை இன்று ஒரு காலை ஊன்றவே மறுத்தால், எலும்பு முறிந்தது போலவே தெரிந்தாலும், பல நேரம் குளம்புக்குள் சீழ்தான் இருக்கும். டாக்டர் அதை வெளியேற்றினால் ஓரிரு நாளில் நல்ல மாற்றம் தெரியும்.

ஆணி குத்தியிருந்தால் உடனே பிடுங்கிவிடக் கை பரபரக்கும். நானும் ஒருமுறை பிடுங்கினேன். டாக்டர் வருவதற்குள் ஓட்டை மூடிக்கொண்டது. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால்தான் அது தெரியும். அவர் வரும்வரை ஆணி மேலும் உள்ளே ஏறாதபடி சுற்றிலும் தடிமனாகத் துணி வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் நிறுத்துங்கள். டெட்டனஸ் குதிரையை எளிதில் தாக்கும், எனவே தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

போன தடவை மிச்சமான வலி மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். வலி மறைந்ததும் கீறல் விட்ட எலும்பின் மேலும் முழு எடையைப் போட்டுவிடும்.

அப்புறம், தானிய மூட்டையை அவிழ்த்து வயிறு முட்டத் தின்ற குதிரை. இரண்டு முன்னங்குளம்பும் சேர்ந்து வலிப்பதால் தலையசைவு தெரியாது. பின்னால் சாய்ந்து நிற்கும், சுடுதரையில் நடப்பது போலக் கால் வைக்கும். இது குளம்பழற்சி. தீவனத் தானியத்தை நிறுத்தி, மெத்தென்ற மணலில் நிறுத்தி, குளம்புகளை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டே டாக்டருக்கு போன் போடுங்கள். காலைவரை காத்திருக்காதீர்கள்.